கொடியில் ஒரு கைலி

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது.

"தம்பி, துணியெல்லாம் நனையுது பாரு! பாரியையும் கூப்ட்டுக்கிட்டு ஓடுங்கப்பா!" என்று கீழேயிருந்து வீட்டுக்காரப் பெரியநாயகி அக்கா குரல் கொடுத்தாள்.

மாயவன் மொட்டைமாடிக்கு ஓடினான். ஓடும்போதே, "டேய் பாரி, சீக்கிரம் வாடா" என்று உரக்கச் சொல்லிவைத்தான்.

பாரி வரமாட்டான். அவன் ஓசூரில் இருக்கிறான்.

விருத்தாசலத்தில் பீங்கான் படிப்புக்கு ஒரே ஊரிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். ஹாஸ்டலில் இடமில்லை என்றதும் இந்த மாடி அறையைப் பிடித்ததும் ஒன்றாகத்தான். இரண்டாவது வாரமே பாரிக்குக் கம்பெனி வேலை கிடைத்தது. ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். புதிதாக வாங்கிய செருப்பைக்கூட மறந்துவிட்டுப் போனான்.

அக்காவிடம் சொல்ல மாயவனுக்குத் தைரியம் வரவில்லை. சாவி கொடுத்த அன்றைக்கே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "ஒத்தப் பையனுக்கு வூடு வுடறதில்ல. ரெண்டு பேருன்னாதான் ஒருத்தருக்கொருத்தரு தொணை."

பாரி போனது தெரிந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். வேப்பூருக்கு அப்பால் இருக்கும் மங்களூரைத் தாண்டி, உள்ளே இருக்கும் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனால் படித்த மாதிரிதான்.

அதனால் பாரியைப் போகவிடாமல் வைத்திருந்தான்.

தினமும் இரண்டு துண்டுகளை நனைத்துக் காயப்போட்டான். மாடிப்படிக்குக் கீழே தன் செருப்புக்குப் பக்கத்தில் பாரியின் செருப்பையும் ஜோடியாக விட்டுவைத்தான். சாயங்காலமானால் அவனோடு பேசினான். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டான்.

முதலில் கீழ்வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் பேசினான். இப்போதெல்லாம் அக்கா கடைக்குப் போயிருக்கும்போதும் பேசுகிறான். ஒண்டியாய்ச் சாப்பிடுகிறவனுக்கு வெட்கமாவது, ஒன்றாவது.

பாரி எங்கே என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. அது தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

சாமர்த்தியத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். அந்தத் தெருவில் பீங்கான் களிமண் லாரி போகாத நாளில்லை. கேட், துளசிச் செடி, அவன் செருப்பு, எல்லாவற்றிலும் வெள்ளையாகத் தூசி அப்பியிருக்கும். பாரியின் செருப்பு மட்டும் கடையில் இருந்த மாதிரியே பளிச்சென்று இருக்கும். நல்ல கம்பெனி செருப்பு போல என்று எண்ணிக்கொள்வான், அவ்வளவுதான்.

கொடியிலிருந்து துணிகளை உருவித் தோளில் போட்டான். துண்டுகள், அக்காவின் புடவை, கடைசியாக அவள் வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட கைலி.

அந்த மனிதரை மாயவன் பார்த்ததே இல்லை. வேப்பூரில் லாரி ஓட்டுகிறார், விடிவதற்குமுன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார், கோபம் வந்தால் கண்மண் தெரியாது என்று அக்கா சொல்லியிருந்தாள். "ஏங்க, தோசை ஊத்தட்டுமா?" என்று அவள் கேட்பது மாடிவரைக்கும் கேட்கும். பதில் மட்டும் கேட்காது. வாய் திறக்காத ஆள் என்றால் இன்னும் பயம். மாயவன் தன் அறையில் நடப்பதைக்கூட மெதுவாகத்தான் நடப்பான்.

படிக்கட்டுக் கூரைக்குள் ஒதுங்கி, கைலியை மடிக்க உதறினான். உதறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

அது மூட்டாத கைலி.

கடையில் வாங்கியபடியே, இரண்டு ஓரமும் சேர்த்துத் தைக்காமல் நீளத் துணியாகத் தொங்கியது. மூட்டாத கைலியை எந்த ஆம்பிளை கட்டுவான்? இவன் குடிவந்த நாளிலிருந்து இது தினமும் கொடியில் காய்கிறது. வெயிலில் நீலம்கூட வெளுத்துவிட்டது.

வேறு யாராவது பார்த்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. யாரும் துவட்டாத துண்டைத் தினமும் நனைத்துப் போடுகிறவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

கீழே அவள் தனியாக இருக்கிறாள். மாடிக்குக் குடிவந்த பையன்களுக்குப் பயந்துகொண்டு, இல்லாத ஒருத்தருக்குத் தோசை ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவனுக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா தனக்காகவா என்று தெரியவில்லை. தன்னைப் பார்த்தும் ஒருத்தி பயப்படுகிறாள் என்பதுதான் ரொம்ப வலித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைலியை மடித்தான். மூட்டாத ஓரம் வெளியே தெரியாமல், உள்பக்கமாக வைத்து மடித்தான். எதையும் பார்க்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினான்.

அக்கா படிக்குக் கீழேயே நின்றிருந்தாள். சாரல் படாமல் பாரியின் செருப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். இன்னொரு கையில் ஒரு பழைய துணி.

துணிமணிகளைப் படியில் வைத்தான். மேலாக இருந்த கைலியை அவள் பார்த்தாள். ஓரத்தை உள்ளே ஒளித்திருந்த மடிப்பை விரலால் ஒருமுறை தடவினாள். அவள் முகம் சட்டென்று வெளிறியது. பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கண் சிவந்திருந்ததையும் பார்த்தாள்.

கையிலிருந்த துணியால் செருப்பை நிதானமாகத் துடைத்து, அவன் செருப்புக்குப் பக்கத்தில் ஜோடியாக விட்டாள்.

"போட்டு நடக்காத செருப்புல தூசி அடைஞ்சா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும், தெனமும் தொடச்சு வையின்னு அவருதான் சொன்னாரு தம்பி."

மாயவன், பெட்டியைக் கட்டு என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தான். அவள் கைலியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாமாவக் கேட்டதா சொல்லுங்கக்கா" என்றான்.

"சொல்றேன். பாரியையும் கேட்டதா சொல்லு."

மேலே போய்ச் சொன்னான்.