முதல் தெரு

"ஆமாப்பா, நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டே எழுதினேன். மொட்டைக் கடுதாசி போடற ஆளா நான்?"

புகார் எழுதினது நீங்களான்னு என்னைக் கேட்டது எங்க ஆபீஸ் வேன் டிரைவர். விசாரணை ரூமுக்கு வெளியே பெஞ்சுல ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மூணு அதிகாரிங்க, அரைமணி நேரமா எங்க இன்ஜினியர் மேடத்தைக் கேள்வி கேட்டுக்கிட்டிருந்தாங்க. அடுத்து நான்.

"மேடத்துக்கு வேலை போயிடும்ங்கறாங்களே அண்ணே. அப்படி என்ன கோபம் அவங்க மேல?"

"கோபம் எல்லாம் இல்ல. நியாயம்னு நினைச்சேன்."

அவனுக்கு விஷயம் பாதிதான் தெரியும். முதல்லேர்ந்து சொன்னேன்.

எங்க டெலிபோன் ஆபீஸ்ல ஒரு ஹால் நிறைய பீரோ மாதிரி மெஷினுங்க. யார் யாருக்குப் பேசினாலும் அதுங்க வழியாத்தான் போகும். இப்போ அந்த வேலையை மொத்தமா சாஃப்ட்வேரா மாத்தி, எங்கேயோ இருக்கற கம்ப்யூட்டர்ல ஓட விடறாங்க. கிளவுடாம். எங்கே இருக்குன்னு கேட்டா மேலே கையைக் காட்டறாங்க. செத்துப் போனவங்களைப் பத்திக் கேட்டாலும் அப்படித்தான் காட்டுவாங்க.

ஒரே நாள்ல மாத்த முடியாது. தெருத்தெருவா, பன்னெண்டு தடவையா மாத்தணும். எது முதல்ல, எது கடைசின்னு பட்டியல் போடறது மேடம்.

போர்டுல ஒட்டின அன்னிக்கே பார்த்தேன். முதல்ல மேடத்தோட தெரு. கடைசியில என் தெரு.

"பத்திக்கிச்சா?"

"பின்ன? பேச்சு கணீர்னு கேட்கும், நெட்டு பறக்கும்னு விளம்பரம் பண்ணினாங்களே. இன்ஜினியர் வீட்டுக்கு முதல் பந்தி, மெக்கானிக் வீட்டுக்குக் கடைசிப் பந்தியா?"

"நேராவே கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டேனே. 'யோசிச்சுத்தான் போட்டிருக்கேன்'னாங்க. தலையைக்கூடத் தூக்கலை. சரின்னு நானும் யோசிச்சுப் புகாரைப் போட்டேன்."

டிரைவர் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

"முதல் தெருவை மாத்தின அன்னிக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"லைன் செத்துப் போச்சுன்னாங்க."

"மூணு மணி நேரம். பழைய மெஷின்ல புது கார்டு மாட்டி, அது தகராறு பண்ணினா பிடுங்கிட்டுப் பழசைச் சொருகுவோம். ரெண்டே நிமிஷம். இருபத்தாறு வருஷமா அந்தப் பழக்கம். அதனால, முதல்ல போறவன் மாட்டிக்குவான்ங்கறதே என் மண்டையில ஏறலை. இதுல பிடுங்கறதுக்கு ஒண்ணுமே இல்லப்பா. திரையில சிவப்பு சிவப்பா வருது, பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

அன்னிக்கு மேடம் அந்தத் திரை முன்னாடிதான் உட்கார்ந்திருந்தாங்க. அதே நேரம் வீட்ல அவங்க அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்கார். செல்போன் பழகாத அம்மா வீட்டுப் போனை எடுத்து எடுத்துப் பார்த்திருக்காங்க. சத்தமே இல்ல. வேலை நேரம், அக்கம்பக்கம் எல்லாம் பூட்டு. முட்டி மடங்காத மனுஷி மூணு மாடி இறங்கி ஆளைக் கூட்டிட்டு வர முக்கால் மணி நேரம் ஆயிருக்கு. இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. இனிமே நடக்க மாட்டாராம்.

"அடப்பாவமே! அப்பவாவது புகாரைத் திருப்பி வாங்கியிருக்கலாமே அண்ணே?"

"ஃபைல் நகர்ந்துடுச்சு. அதோட எனக்கு ஒரு வீம்பு. பட்டியல்ல முதல்ல வேற ஒரு தெருதான் இருந்துது, அதை மேடம்தான் மாத்தினாங்கன்னு கம்ப்யூட்டர்லயே பதிவாயிருக்கு. எந்தத் தெரு, ஏன் மாத்தினாங்கங்கறது மட்டும் இல்ல. அதிகாரிங்க கேட்டா மேடம் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. எந்தத் தெருவை அடிச்சுட்டாங்கன்னு தெரிஞ்சா, அந்தத் தெருக்காரங்ககிட்டயும் கையெழுத்து வாங்கலாம்னு நேத்து பழைய ஃபைலை எல்லாம் கிளறினேன்."

"கிடைச்சுதா?"

சட்டைப்பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியை அடிச்சு, ஓரத்துல மேடம் பேனாவால எழுதியிருந்தாங்க. டிரைவர் எழுத்துக் கூட்டிப் படிச்சான்.

"'இந்தத் தெருவில் ஒரு வீட்டில், நோயாளியின் சுவாசக் கருவி போன் லைனில் இணைக்கப்பட்டுள்ளது. மற்ற இடங்களில் எல்லாம் சரியாக ஓடிய பிறகு, கடைசியாக மாற்றவும். பதிலுக்கு முதலில் என் தெரு.' இது யார் வீடுண்ணே?"

அடிச்சிருந்த வரியில என் தெருப் பேரை விரலால காட்டினேன்.

"என் வீட்டுக்காரிக்கு மூச்சு குறைஞ்சா, அந்த மெஷினே ஆம்புலன்ஸுக்கு போன் அடிச்சிடும். ஒருநாள் சீக்கிரம் போகணும்னு பர்மிஷன் கேட்டப்போ மேடத்துகிட்ட சொன்னேன். 'சரி, கிளம்புங்க'ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு. லைன் மெக்கானிக்குப்பா நான். என் வீட்டு லைனை நான் நினைச்சுப் பார்க்கலை."

கதவு திறந்துது. மேடம் வெளியே வந்தாங்க. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்துது. நான் எழுந்து நின்னேன்.

"மேடம், காரணத்தை உள்ளே சொல்லிட்டீங்களா?"

டிரைவர் கையில இருந்த காகிதத்தைப் பார்த்தாங்க.

"அது உங்க வீட்டு விஷயம். உங்களைக் கேட்காம நான் எப்படிச் சொல்றது?"

சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுன்னு படியிறங்கிப் போயிட்டாங்க.

உள்ளேயிருந்து பியூன் எட்டிப் பார்த்து, "புகார் கொடுத்தவர் வாங்க"ன்னு கூப்பிட்டார்.

"உள்ளே என்னண்ணே சொல்லப் போறீங்க? புகார் பொய்ன்னா?"

காகிதத்தை அவன்கிட்டேர்ந்து வாங்கிக்கிட்டேன்.

"இல்லப்பா. மேடம் ஒருத்தருக்குச் சலுகை கொடுத்தது நிஜம்தான். வாங்கிக்கிட்டது நான்னு சொல்லப் போறேன்."

சொல்லிட்டு உள்ளே போனேன்.