உருண்டு போன ஆடு

கல்லூரி லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் ஓர் ஆடு இருந்தது. மீனலோசனி என்ற மாணவி கடைசி வருட புராஜெக்ட்டுக்குச் செய்த வீடியோ கேமின் ஆடு அது. அந்த கேமில் அது நடக்காமல் உருண்டுகொண்டே போகும். அதைப் பார்த்த ஒரு கம்பெனி, அதேபோல் பெரிய கேம் செய்து உலகமெல்லாம் விற்றது.

ஒருநாள் யாரோ அந்தப் புது கேமையும் அதே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். புது ஆடு பளபளவென்று உருண்டு வந்து பழைய ஆட்டுக்கு வணக்கம் சொன்னது.

"அண்ணே, நாம எதுக்கு உருளுறோம்? ஏதோ வாழ்க்கைத் தத்துவம்னு பேசிக்கிறாங்க."

"மறுநாள் வைவா பரீட்சை, தம்பி. கால்களை அசைய வைக்க மீனலோசனிக்கு நேரமில்ல. உருட்டி விட்டுட்டா."

புது ஆடு தன் கால்களைக் குனிந்து பார்த்தது.

"எங்க கம்பெனியில காலுக்குன்னே ஒரு டீம் இருக்குண்ணே. நாலு காலும் துளிகூட அசையாம பாத்துக்கிறதுதான் அவங்க வேலை."

"அடப் பாவமே. பரீட்சை முடிஞ்சதும் அவ வந்து என் காலைச் சரி பண்ணிட்டாளே," என்ற பழைய ஆடு, எழுந்து அழகாக நடந்து காட்டியது.

புது ஆடு பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தது.

"உக்காருங்கண்ணே. யாராவது பாத்தா, எங்களைப் பாத்துக் காப்பியடிச்சீங்க, அதையும் ஒழுங்கா அடிக்கலன்னு சொல்லிடுவாங்க."