டிரைவரம்மாவோட ஸ்கோர்

"எழுநூத்து எண்பது இருந்தது, அறுநூத்து முப்பதாம்! அத்தை, லிஃப்ட் கூட இவ்வளவு வேகமா இறங்காது!"

மருமகள் போட்ட சத்தத்துல, பேங்க்ல டோக்கனோட உக்காந்திருந்த அத்தனை பேரும் தங்கள் நம்பரை மறந்துட்டுத் திரும்பிப் பார்த்தாங்க.

மாமியார் டாக்ஸி ஓட்டுறவங்க. அவங்க பழைய கார் மேடு வந்தா இருமுது, பள்ளம் வந்தா அழுவுது. புதுசு வாங்க லோன் கேட்டு வந்த இடத்துல, லோன் ஆபீசர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிட்டார். கிரெடிட் ஸ்கோர் திடீர்னு சரிஞ்சிருக்கு, இப்போதைக்கு லோன் கிடையாதுன்னுட்டார்.

"உண்மையைச் சொல்லுங்க அத்தை. யார்கிட்ட வாங்கி, எங்க கட்டாம விட்டீங்க?"

"ஞாபகம் வரலையேம்மா."

"ஞாபகம் வரலையா? கடன் என்ன மூக்குக்கண்ணாடியா, எங்கயோ வச்சு மறந்துட்டேன்னு சொல்ல?"

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "மேடம், இது இவங்க சொந்தக் கடனே..."

"கார்டு தம்பி, கார்டு!" மாமியார் சடார்னு பிரேக் போட்டாங்க. "ஏதாவது கார்டு பில்லா இருக்கும். வயசாச்சில்ல, மறந்திருப்பேன்."

ஆபீசர் மறுபடியும் கம்ப்யூட்டருக்குள்ள தலையை விட்டார்.

"கேட்டீங்களா சார்?" மருமகள் அவர் பக்கம் திரும்பினாள். "நம்பிக்கைன்னா என்னன்னு இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. போன வருஷம் என் கேக் கடைக்கு ஓவன் வாங்க லோன் கேட்டேன். முதல்ல முடியாதுன்னீங்க. அடுத்த வாரமே நீங்களா போன் பண்ணிக் கூப்பிட்டுக் கொடுத்தீங்க. ஏன்? மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் சார், இவ ஏமாத்த மாட்டான்னு!"

ஆபீசர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மேல சுத்துற ஃபேனைப் பார்த்தாங்க.

மருமகளோட போன் அடிச்சுது. "கேக் ஆர்டர் அத்தை, நான் கடைக்குக் கிளம்பறேன். யாருக்குப் பாக்கின்னு சார்கிட்ட கேட்டுக் கட்டிட்டு வாங்க. எனக்கே வெட்கமா இருக்கு!"

அவ பின்னால கண்ணாடிக் கதவு மூடுச்சு.

"ஏன் டிரைவரம்மா இப்படி?" ஆபீசர் முன்னால சாய்ஞ்சார். "மழைக்காலத்துல வியாபாரம் இல்லைன்னு ஓவன் லோன் தவணையை விட்டது உங்க மருமகள். அப்புறம் அபராதத்தோட சேர்த்துக் கட்டிட்டா எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. தாமதம் தாமதம்தானே? அவங்க ஸ்கோரோட, ஜாமீன் போட்ட உங்க ஸ்கோரும் சேர்ந்து விழுந்துடுச்சு. நீங்கதான் ஜாமீன்னு அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதானே தம்பி தனியா வந்து கையெழுத்துப் போட்டேன்?"

"அப்போ உங்க கார்?"

"இன்னொரு தடவை இன்ஜினைப் பிரிச்சு மாட்டிக்கிறேன். திட்டிக்கிட்டே ஓடும்."

"சொல்லிட்டீங்கன்னா இனிமே ஒழுங்காக் கட்டுவாங்க இல்ல?"

"அதை நீங்க சொல்லுங்க. தாமதம் பண்ணா ஸ்கோர் விழும்னு பேங்க்லேர்ந்து கண்டிச்சு ஒரு போன் போடுங்க, கேட்டுக்குவா. என் பேர் மட்டும் வேண்டாம்."

"இவ்வளவு பேச்சும் வாங்கிக்கிட்டு, அது ஏம்மா?"

மாமியார் கார் சாவியை எடுத்துக்கிட்டு எழுந்தாங்க.

"பேங்க்கே என்னை நம்புச்சுங்கிற பெருமையிலதான் தம்பி அவ விடியறதுக்கு முன்னாடி எழுந்து கடையைத் திறக்கிறா. நம்பினது மாமியார்னு தெரிஞ்சா, அதுவும் அவளுக்கு ஒரு கடனாத்தான் தெரியும். ஒருத்திக்கு ஒரு கடன் போதாதா?"