பதினெட்டு இடம்

"இருநூத்திப் பதினாலுன்னு எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் முப்பத்தேழுன்னு மாத்தும்மா. ஒரு இடம்கூடத் தப்பக் கூடாது."

மேஸ்திரி இப்படிச் சொன்னதும் டைப்பிஸ்டின் கை அப்படியே நின்றது.

அந்தச் சரக்கு யார்டில் யாருக்கும் பெயர் கிடையாது. டோக்கன் எண்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் கிரேனின் இரும்பு வடம் அறுந்து, மரப்பெட்டி ஒன்று லாரியின் முன்பக்கத்தைச் சப்பையாக்கிவிட்டது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்ததால் தப்பித்தார். வடம் நைந்திருப்பது தெரிந்தும் பெட்டியைத் தூக்கச் சொன்னது 214 என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவர் இதே மேஸ்திரி. அடித்துக் கொடுத்தவள் இவள்.

கொக்கி மாட்டுகிற அந்த 214 அன்றைக்கே சஸ்பெண்ட். அதிலிருந்து தினமும் விடிந்ததும் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறான். யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. சும்மா நிற்கிறான். இன்று பதினோரு மணிக்கு விசாரணை. அறிக்கையில் எந்த எண் இருக்கிறதோ, அந்த ஆளுக்கு இனி இங்கே வேலை இல்லை.

"என்ன மேஸ்திரி, திடீர்னு ஆளை மாத்திட்டீங்க? அவன் வந்து கால்ல கீல்ல விழுந்தானா?"

"விழுந்திருந்தா உதைச்சிருப்பேன். அவன் விழல. நீ வேலையைப் பாரு."

"முப்பத்தேழுன்னா ஆதி காலத்து நம்பராச்சே! வீட்டுக்குப் போற வயசுல இருக்கிற கிழவன் எவனாவது வாய் பேச மாட்டான்னு அவன் தலையில கட்டுறீங்களா?"

"கிழவன்தான். வாய் மட்டும் இந்த யார்டுக்கே கேக்கும்."

"சிரிக்காதீங்க. எங்கப்பாவும் முதுகுல மூட்டை சுமந்தவருதான். எவனோ செஞ்சதுக்கு இப்படித்தான் அவரு நம்பரை எழுதி வெளியே தள்ளினாங்க. அவரு தரப்பை ஒருத்தரும் கேக்கல."

மேஸ்திரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை.

எழுந்து போய்விடலாமா என்று அவளுக்கு இருந்தது. போனால் கேட்டில் நிற்கிறவன் காலி. உட்கார்ந்தால் முகம் தெரியாத ஒரு கிழவன் காலி.

"அடிச்சுத் தரேன். ஆனா முடிச்ச கையோட ரெஜிஸ்டரைப் புரட்டி அந்த முப்பத்தேழு யாருன்னு கண்டுபிடிச்சு, உங்களைப் பத்தி அவர்கிட்டயே போட்டுக் குடுப்பேன்."

"தாராளமாக் குடு. என்னைப் பத்தி அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்ல."

அவள் தேடும் கட்டத்தில் 214 என்று அடித்தாள். மாற்றும் கட்டத்தில் 37. 'எல்லாம் மாற்று' என்பதை ஓங்கிக் குத்தினாள். கண் இமைப்பதற்குள் முடிந்தது. பத்தொன்பது இடங்கள் மாற்றப்பட்டன என்று திரை சொன்னது.

"பத்தொன்பதா? இருக்காது. பதினெட்டுதான்."

"மெஷின் பொய் சொல்லுமா மேஸ்திரி?"

"என் கையால எழுதினதும்மா. பதினெட்டு தடவை எழுதினேன். ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. நல்லாப் பாரு."

முணுமுணுத்துக்கொண்டே வரிவரியாகப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தில் மாட்டியது. பெட்டியின் எடை 2140 கிலோ என்று இருந்த இடத்தில் 370 கிலோ என்று நின்றது. எண்ணுக்குள் இருந்த எண்ணையும் சேர்த்துத் தின்றுவிட்டது மெஷின்.

அந்த வடம் தாங்கக்கூடியது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. முந்நூற்றெழுபது என்றால் பாரம் அதிகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாரம் ஏற்றியதற்குப் பொறுப்பு மேஸ்திரி. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அப்படியே விட்டுடவா? உங்களுக்கு நல்லதுதானே?" என்றாள் குத்தலாக.

"தூக்கினது ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது. அதைத்தான் போடணும். மறுபடி ஆரம்பி."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்தவன் தலையில் பழியைப் போடுகிறவன் கிலோவுக்கு ஏன் இப்படி நியாயம் பார்க்கிறான்?

செய்ததை எல்லாம் திருப்பினாள். இந்த முறை ஒவ்வொன்றாகத் தேடினாள். 214 வந்து நிற்கும், மேஸ்திரி தலையை ஆட்டுவார், இவள் மாற்றுவாள். எடை வந்தபோது மட்டும் அவர் விரலை நீட்டித் தடுத்தார். தாண்டிப் போனாள். பதினெட்டு முறை தலையாட்டி முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது மனுஷனுக்கு. ஃபேன் என்னவோ தலைக்கு மேலேதான் ஓடிக்கொண்டிருந்தது.

காகிதம் வெளியே வந்தது. சூடாக இருந்த மூன்று பக்கங்களையும் நின்றபடியே படித்தார்.

"வாட்ச்மேனுக்கு ஒரு போன் போடும்மா. கேட்ல நிக்கிறவனை உள்ள விடச் சொல்லு. விசாரணை ரூமுக்கு வேணாம், நேரா வேலைக்கு."

அவள் போனை எடுத்தாள். பழைய கோபம் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"அவனுக்கு நல்லது பண்ணிட்டீங்க, சரி. அந்த முப்பத்தேழு என்ன பாவம் பண்ணினார்?"

மேஸ்திரி பேனாவின் மூடியைக் கழற்றி, கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே, மேஸ்திரி ஆன பிறகு யாரும் நிரப்பாமல் விட்டுவிடுகிற 'டோக்கன் எண்' என்ற கோட்டின் மேல், நிதானமாக எழுதினார்: 37.