சிவப்பு ரிப்பன்

விமான நிலையத்தில் பெட்டிகள் வந்து சேரும் பெல்ட்டில் ஒரு கறுப்புப் பெட்டி நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"இன்னும் எடுக்கலையே! கைப்பிடியில சிவப்பு ரிப்பன் கட்டியும் ஐயாவுக்கு என்னைத் தெரியலையா?" என்றது.

"பொறு. இந்த இடம் வெறும் தகரக் கொட்டகையா இருந்ததிலிருந்து சுத்தறேன். வருவார்" என்றது பெல்ட்.

ஐயா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். முன்னால் போன இன்னொரு கறுப்புப் பெட்டியை இழுத்து இறக்கினார். அதன் சிவப்பு ரிப்பனைத் தடவி, "நல்லவேளை, அடையாளம் கட்டினேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடினார்.

"ஐயோ, அது நானில்லை!" என்று பெட்டி அலறியது.

பின்னால் வந்த பெட்டி தன் சிவப்பு ரிப்பனை ஆட்டிக்கொண்டே சொன்னது: "பாவம் நீ. எங்க ஐயா அப்படியில்லை. தூரத்திலிருந்தே என்னைக் கண்டுபிடிச்சிடுவார்."