மூச்சை இழுங்க... மெதுவா விடுங்க

"ஏம்மா, உனக்குச் சூடு சொரணை எதுவும் கிடையாதா? நேத்தும் வந்தே, முந்தாநாளும் வந்தே. நாளைக்கு வான்னு சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுறதா? நல்லா வாய்ச்சீங்க!"

கவுண்டர் ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா கத்தினார். விதவை உதவித்தொகைக்காக நின்ற அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"வேண்டாம்மா, வேண்டாம்!" என்று குறுக்கே ஓடி வந்தாள் மனோதத்துவம். "கண்ணை மூடுங்க. மூச்சை இழுங்க... மெதுவா விடுங்க. கோபம் போயிடுச்சா?"

"கோபம் போயிடுச்சும்மா. பணம்தான் வரலை."

"அதுவும் வரும். நல்லதையே நினைங்க."

அவளுக்கு மனோதத்துவம் என்று பட்டப்பேர் வைத்தவரே அந்தக் குமாஸ்தாதான். கல்லூரியில் மனோதத்துவம் படித்துவிட்டு, இல்லாதவர்களுக்குச் சேவை செய்வதே என் வேலை என்று கிளம்பி வந்தவள். "மனசைப் படிச்சவளுக்கு எவன்டி சம்பளம் தருவான்?" என்று வீட்டில் அக்கா அப்போதே கேட்டாள். இந்த அலுவலகத்தில் கிடைத்த தற்காலிக வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் டப்பா குலுக்கப் போக வேண்டும். இது குடும்பத்தின் தீர்ப்பு. அவளுடைய கெடு இன்றோடு முடிகிறது.

அலுவலகம் அவளுக்கு ஒப்படைத்திருந்த சேவை ஒன்றே ஒன்று. வரிசையில் நிற்பவர்கள் சத்தம் போடக் கூடாது. வயிறு காய்ந்தவன் கோபப்பட்டால், வயிற்றை விட்டுவிட்டுக் கோபத்துக்கு வைத்தியம் பார்ப்பது அதிகாரம் கண்டுபிடித்த பழைய வித்தை.

வைத்தியம் பிரமாதமாகப் பலித்தது. வரிசை மொத்தமும் கண்ணை மூடி மூச்சு விட்டது. ஊன்றுகோல் பெரியவர் நின்றபடியே குறட்டை விடும் அளவுக்குத் தேறியிருந்தார்.

ஒத்துழைக்காத ஆள் குமாஸ்தா ஒருவர்தான்.

"யோவ் பெரியவரே! முழிச்சுக்கும்! தூங்குறதுக்கா வீட்டுலேர்ந்து இவ்வளவு தூரம் வந்தீர்? உப்புப் போட்டுத்தானே சாப்பிடுறீர்?"

பெரியவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிட்டார் தம்பி."

"சார், இவங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணினாங்க? எதுக்கு இப்படி வாய்க்கு வந்தபடி பேசுறீங்க?" என்றாள் அவள்.

"போங்க மனோதத்துவம், போய் மூச்சு விடுங்க!"

இந்த ஆளை இப்படியே விடக் கூடாது என்று அவள் நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார். மேசை மேல் அவர் மூக்கு உயரத்துக்குக் காகிதக் கட்டு. அதன் உச்சியில் டீ டம்ளர்.

"வாம்மா, வா! நீ வந்ததிலேர்ந்து ஆபீஸ் லைப்ரரி மாதிரி இருக்கு."

"சார், அந்தக் குமாஸ்தா ஜனங்களைத் தினமும் திட்டுறார்."

"மெமோ கொடுத்துடலாம்."

"அப்புறம்... என் வேலை நிரந்தர ஆர்டர்..."

அவர் டம்ளரைத் தூக்கினார். கட்டைப் பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டு அங்கேயே வைத்தார். "இதுக்குள்ளதான் எங்கேயாவது இருக்கும். போட்டுடலாம்."

"இன்னிக்குத்தான் சார் கடைசி நாள்! ஆமா, வெளியே நிக்கிறவங்க பணத்துக்கான பேப்பரும் இதுலதான் இருக்கா?"

"எல்லாம் இதுலதான். யாருமே கேக்கலைன்னா, யாருக்கும் அவசரம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"எனக்கு அவசரம் சார்!" அவள் குரல் எகிறியது.

"ஷ்ஷ்... என்ன இது, நீயே இப்படிப் பண்ணலாமா? கண்ணை மூடு. மூச்சை இழு. மெதுவா விடு."

அவள் இழுத்தாள். விடவில்லை. உப்பிய கன்னத்தோடு வெளியே வந்து, வரிசைக்கு முன்னால் நின்று, அங்கேதான் விட்டாள்.

"எல்லாரும் கண்ணைத் திறங்க! இன்னிக்குப் புதுப் பயிற்சி. மூச்சை நல்லா அடிவயித்திலேர்ந்து இழுங்க. இழுத்தாச்சா? அப்படியே அய்யா ரூம் பக்கம் திரும்புங்க. உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லிக்கிட்டே மொத்தமா விடுங்க!"

எத்தனையோ நாள் சேர்த்து வைத்த மூச்சு அது.

"எங்க பணம் எங்கே?"

ஜன்னல் கம்பி அதிர்ந்தது. விதவை அம்மாளின் குரல் ஒரு பக்கம், உப்பில்லாத பெரியவரின் குரல் அதற்கு மேல். உள்ளே டம்ளர் உருளும் சத்தம் கேட்டது.

"பேனா! யாருய்யா என் பேனாவை எடுத்தது?" என்று அதிகாரி வெறுங்காலோடு அலறினார்.

குமாஸ்தா பாய்ந்து போய்த் தன் பேனாவைக் கொடுத்தார். அவர் தாளைப் புரட்டப் புரட்ட, அதிகாரி வாசலையே பார்த்துக்கொண்டு கையெழுத்தாகப் போட்டுத் தள்ளினார். ஒரு தாளையும் படிக்கவில்லை.

கவுண்டரில் ஆளாளுக்கு ஆணைகளைக் கொடுத்து அனுப்பிய பிறகு, குமாஸ்தா ஒரு தாளை அவளிடம் நீட்டினார். அவளுடைய நிரந்தர ஆர்டர்.

"நடுவுல சொருகிட்டேன். பயத்துல இருக்கும்போது வெள்ளைத் தாளை நீட்டினாலும் போட்டுடுவார்."

அவள் தாளை வாங்கி, கையெழுத்தை இரண்டு முறை பார்த்தாள். "சார், நான் உங்க மேல புகார் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஏழை ஜனங்களை அந்தப் பேச்சுப் பேசுற நீங்க, எனக்கு எதுக்கு உதவி பண்றீங்க?"

குமாஸ்தா கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இந்த வேலைக்கு இன்னொரு ஆள் வேணுமே, மனோதத்துவம்! இவங்க கத்தினாத்தான் அந்த மனுஷன் பேனாவைத் தொடுவார். கத்த வைக்கிறதுக்காக இத்தனை வருஷமா நான் ஒருத்தனே திட்டித் திட்டி, எனக்குத் தொண்டையே போச்சு!"