முதல் வரி

"மத்தவங்க எல்லாம் ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு அனுப்பறாங்க. நீ பத்துப் பேருக்கு. பெட்டியை நீயே செஞ்சு விக்கிறியாம்மா?"

விற்பனை மேலாளர் கேட்டதும் மற்ற மேசைகளில் சிரிப்பு.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. தொழில் செய்கிறவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கும் இணையத் தளத்தில், முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பி ஆர்டர் பிடிப்பதுதான் அந்த அறையில் எல்லோருக்கும் வேலை.

அந்தப் பெண்ணுக்கு அங்கே ஆமை என்று பெயர்.

"கொஞ்சம் மெதுவாத்தான் வருது சார்."

"இதுல மெதுவா வர என்ன இருக்கு? மூணே வரி. முதல் வரி அவங்களைப் பத்தி. ரெண்டாவது அவங்க தலைவலியைப் பத்தி. மூணாவது, பத்து நிமிஷம் பேசலாமான்னு. பெட்டிங்கிற வார்த்தையே வரக் கூடாது. முதல் வரியை நானே எழுதிக் கொடுத்துட்டேனே."

அந்த முதல் வரி அவருடைய கைவண்ணம். 'உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன்.'

"அதென்ன சார் ரெண்டு முறை?" பக்கத்து மேசைக்காரன் எடுத்துக் கொடுத்தான். சார் இதை விளக்கப் பிரியப்படுவார் என்று அவனுக்குத் தெரியும்.

"ஒரு முறைன்னா மனசுல ஒட்டாது. மூணு முறைன்னா பொய்னு தெரிஞ்சுடும். ரெண்டுதான் பதம்." ஆமையின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நீ வேற இடம் பார்த்துக்க வேண்டியதுதான்."

மாலையில் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் சூடான துணி வாசனை. மகள் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிச் சாமான் கம்பெனியில் அவளுக்கு வேலை போய் ஏழு மாதம். சாப்பிடக் கூப்பிட்டால்கூட அறையை விட்டு வர மாட்டாள். இணையத்தில் அவள் பக்கத்தில் இன்னும் அந்தப் பழைய வேலைதான் இருந்தது. மாற்ற மனசு வரவில்லை. போன மாதம் அதே பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டிருந்தாள்.

"அப்பா, என் கட்டுரையை ஒருத்தங்க படிச்சிருக்காங்க. நாளைக்கு வீடியோவில பேசறோம். அதுக்குத்தான் சட்டை."

"யாரு?"

"உங்க கம்பெனிதான். நீங்க சொல்லி வெச்சீங்களா?"

"இல்லையேம்மா."

"அப்ப நிஜமாவே படிச்சிருக்காங்க. பெட்டி வாங்கச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. கேளுங்க. 'உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வழியில் சாமான் உடைவது எங்களுக்கும் பெரிய தலைவலி. பத்து நிமிடம் பேசலாமா?'"

மேலாளர் கையிலிருந்த தண்ணீர் டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"ரெண்டு முறைப்பா. ஒரு முறைன்னு போட்டிருந்தா சும்மா சொல்றாங்கன்னு நினைச்சிருப்பேன். நீங்க படிச்சது சரி, அப்பா படிக்காம வேற யார் படிப்பா? இவங்க யாரோ தெரியாதவங்க. அவங்க எதுக்குப் படிக்கணும்?"

போனை வாங்கிப் பார்த்தார். அனுப்பியவரின் படத்தில் ஆமை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அது ஊருக்கெல்லாம் போகிற வரிம்மா என்று சொல்ல வாயெடுத்தார். மகள் காலருக்குத் தண்ணீர் தெளித்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பையைக்கூட வைக்காமல் ஆமையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கண்ணாடிச் சாமான் கம்பெனிப் பொண்ணு ஒருத்திக்கு அனுப்பினியே, அவளுக்கு வேலை போயிடுச்சு, தெரியுமா? நீ அனுப்பின பொய்யை நம்பி அவ சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு உக்காந்திருக்கா."

ஆமை திகைத்துப் போனாள். "வேலை போனது தெரியாது சார். ஆனா நான் எழுதினது பொய் இல்லை."

"என்கிட்டயேவா? அந்த வரியை எழுதினவனே நான்."

"படிச்சேன் சார். எல்லார் எழுதினதையும் படிச்சுட்டுத்தான் அனுப்பறேன். அதனாலதான் பத்துக்கு மேல முடியறதில்லை."

"அப்படியா? அதுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

அவள் யோசிக்கவே இல்லை.

"கண்ணாடி கீழ விழறதால உடையறதில்லை, பெட்டிக்குள்ள காலி இடம் இருக்கறதாலதான் உடையுதுன்னு எழுதியிருக்காங்க. முதல் தடவை சரியாப் புரியலை. திரும்பவும் படிச்சேன். நம்ம பெட்டியில அந்தக் காலி இடம் நிறைய இருக்கு சார். அவங்களை மாதிரி ஒருத்தங்க நமக்கு வேணும்."

அவள் சொல்வது சரியா என்று மேலாளருக்குத் தெரியவில்லை.

"அப்புறம் அந்தக் கடைசிப் பத்தி சார். சின்ன வயசுல அவங்க அப்பா வெளியூர்லேர்ந்து ஒரு கண்ணாடிக் குருவி வாங்கிட்டு வந்தாராம். உடையக் கூடாதுன்னு போட்டிருந்த சட்டையைக் கழட்டி அதைச் சுத்தி, பனியனோட வந்து இறங்கினாராம். 'பொருளைக் கட்டுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்'னு முடிச்சிருக்காங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

மேலாளர் அதுவரை தோளில் இருந்த பையை இறக்கி மேசைமேல் வைத்தார்.

"அவ என் பொண்ணும்மா."

"அப்போ அந்த அப்பா நீங்களா சார்?" ஆமையின் முகம் மலர்ந்துவிட்டது. "அதைப் படிச்சப்போ உங்களுக்கு எப்படி சார் இருந்தது?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். கட்டுரை போட்ட அன்றைக்கு மகள் அனுப்பிய இணைப்பு அதில் இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. அதற்குக் கீழே, அன்றைக்கே அவர் தட்டி அனுப்பிய பதில்:

'இரண்டு முறை படித்தேன், கண்ணு.'